எல்லா எலும்பும் வலது

பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்த கோதண்டம் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டிக்குள் மனித எலும்புகள் இருந்தன. அது தெரிந்த விஷயம்தான். அவை அத்தனையும் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தன. அதுதான் தெரியாத விஷயம். தொடை எலும்பு, தோள்பட்டை, விலா, முதுகெலும்பின் துண்டுகள் என்று ஒன்று பாக்கியில்லை. மண்டை ஓடு மட்டும் வாய்ப்பக்கம் அதிகமாகச் சிவந்து, வெற்றிலை போட்டுவிட்டுத் துப்ப இடம் தேடுகிறவர்போல இருந்தது.

இடம், திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடம். வெளியே ஐப்பசி மழை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து. ஒன்பதரைக்குப் பரீட்சை.

"என் வேல போச்சு சேகரு," என்றார் கோதண்டம் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

எனக்கு வேலையே இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் அதுவும் போய்விட்டது.

ஒரு தகப்பனாரின் கடிதம்

எலும்புகள் கொஞ்சம் காயட்டும். அதற்குள் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் விழுப்புரத்தில் பார்மசி டிப்ளமா படித்தேன் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். படித்தேன் என்றுதான் எழுதினேன், தேறினேன் என்று எழுதவில்லை. அதைப் பார்த்துவிட்டு விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் இந்த வருஷம் அதே படிப்பில் சேருகிறாள். முதல் வருஷத்தில் அனாடமி அண்ட் பிசியாலஜி என்று ஒரு பாடம் இருக்கிறதாம். உடம்புக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பது. பெண் பயப்படுகிறாளாம். வகுப்பில் என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று நான் எழுத வேண்டுமாம்.

எழுதுகிறேன் ஐயா. ஆனால் பயத்தைப் போக்குவேன் என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் அந்தக் கம்பெனி இல்லை.

முதல் வாரம் முழுக்க வாசனைதான். ஜாடிகளில் மிதக்கிற ஈரல், சிறுநீரகம், இதயம். அந்த மருந்துத் தண்ணீரின் நெடி சட்டையில் ஏறி, சோற்றில் ஏறி, கனவிலும் ஏறும். மூன்றாவது வாரம் அந்த நெடி போய்விடும். போகவில்லை, உங்கள் பெண்ணுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

அடுத்தது பெயர்கள். நம் உடம்பில் நமக்கே தெரியாமல் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று மலைப்பாக இருக்கும். முழங்கையில் இடித்துக்கொண்டு 'அம்மா' என்று கத்தியவன் எல்லாம் இடித்த நரம்பின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும்.

பிறகு ரெக்கார்டு நோட். இடப்பக்கம் படம், வலப்பக்கம் விளக்கம். நான் வரைந்த இதயத்தைப் பார்த்து எங்கள் லெக்சரர், "சீதாப்பழம் நல்லா வந்திருக்கு, இதயம் எங்கே?" என்று கேட்டார்.

தவளையும் உண்டு. அறுத்து, அதன் இதயம் துடிப்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பற்றி என்னைவிட என் நண்பன் தரணேந்திரன் சொல்லத் தகுந்தவன். கொஞ்ச நேரத்தில் வருவான்.

ரத்தம் பற்றி நானே சொல்லலாம். அந்த வகுப்பில் அடுத்தவர் ரத்தம் கிடையாது. உன் விரலை நீயே குத்தி, உன் ரத்தத்தை நீயே எடுத்து, அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று நீயே கண்டுபிடிக்க வேண்டும். முதல் பரீட்சையில் ஊசியை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், மின்விசிறி. மல்லாந்து கிடந்தேன். ஊசி விரலைத் தொடவே இல்லையாம். பக்கத்து மேஜைப் பெண் தன் விரலைக் குத்தியதைப் பார்த்து விழுந்திருக்கிறேன்.

அதுதான் என் முதல் தோல்வி.

சிவப்பு என்றால்

இரண்டாவது தோல்விக்குக் காரணம் எலும்பு.

எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு செட் எலும்புதான். அதைக் காப்பவர் அட்டெண்டர் கோதண்டம் அண்ணன். பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி அவர் அரைஞாண் கயிற்றில். லெக்சரரே எலும்பு வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

செய்முறைப் பரீட்சையில் வெளியூரிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் ஓர் எலும்பைக் கையில் கொடுத்து இரண்டு கேள்வி கேட்பார். இது என்ன எலும்பு? இது வலதா, இடதா?

முதல் கேள்வி சுலபம். தொடை எலும்பைப் பார்த்து விலா என்று சொல்கிறவன் படிக்கவே வந்திருக்க மாட்டான். இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும். வலது தொடையும் இடது தொடையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். மேடு எங்கே, பள்ளம் எங்கே, வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

கோதண்டம் அண்ணனுக்கு இளகிய மனசு. பிள்ளைகள் பரீட்சையில் முழிப்பதை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் காயத்துக்குப் போடுகிற மெர்குரோகுரோம் என்ற சிவப்பு மருந்து இருக்குமே, அதில் தீக்குச்சியைத் தோய்த்து, வலப்பக்கத்து எலும்புகளில் மட்டும் ஒரு மூலையில் கடுகளவு புள்ளி வைத்தார். இடப்பக்கத்துக்குப் புள்ளி இல்லை.

சிவப்பு என்றால் வலது. சேர்ந்த முதல் மாதமே சீனியர்கள் இதை ஜூனியர்களின் காதில் ஓதிவிடுவார்கள். இந்த உபதேசம் கிடைத்த பிறகு யாராவது மேடு பள்ளம் படிப்பார்களா? அந்தப் பக்கங்களைப் புத்தகத்தில் நாங்கள் பிரித்ததுகூட இல்லை.

என் இரண்டாவது பரீட்சைக்கு வந்த எக்ஸ்டர்னல், வழுக்கைத் தலையுடன் ஒரு பெரியவர். முழங்கை எலும்பைக் கொடுத்தார். நான் புள்ளியைத் தேடினேன். இருந்தது.

"வலது சார்."

"சரி. எப்படிச் சொல்றே?"

யாரும் கேட்காத கேள்வி.

"பார்த்தாலே தெரியுது சார்."

"எனக்கு முப்பது வருஷமா பார்த்தாத் தெரியலியேப்பா. எப்படித் தெரியுதுன்னு எனக்கும் சொல்லேன்."

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மாதிரி குனிந்து காத்திருந்தார். நான் அந்த எலும்பைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், கடைசியில் தயவு வேண்டிக் கூரையைப் பார்த்தேன். அதோடு போயிற்று.

மாமாவின் பலகை

திண்டிவனம் கடைத்தெருவில் என் அக்காவின் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தார். மருந்துக்கடை நடத்த உரிமம் வேண்டும். உரிமத்துக்கு, பார்மசி படித்துத் தேறிய ஒருவர் கடையில் நிற்க வேண்டும். மாமா படித்தது எட்டாவது. அதனால் ஒரு வயதான பார்மசிஸ்டை வைத்திருந்தார். அந்தப் பெரியவர், "ஆடி வரைக்கும்தான் என்னால நிக்க முடியும். அப்புறம் மகன் வீட்டுக்குப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டார்.

மாமா என்னைத்தான் நம்பியிருந்தார். என்னை நம்பிய ஒரே மனிதர் என்ற பெருமை அவருக்கு உண்டு. மற்ற எல்லாப் பாடத்திலும் எப்படியோ தேறிவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி. இந்த ஐப்பசியில் தேறினால், ஆஸ்பத்திரியில் பயிற்சியை முடித்து, பெயரைப் பதிவு செய்து, ஆடிக்குள் கடையில் வந்து நிற்கலாம். தவறினால் கடைக்குப் பூட்டு. அக்காவுக்கு இரண்டு குழந்தைகள், வேறு வருமானம் கிடையாது.

பரீட்சைக்கு முந்தின வாரம் கடைக்குப் போனபோது மாமா புதுப் பெயர்ப்பலகைக்குச் சொல்லியிருந்ததைக் காட்டினார். கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"எழுத்து இந்த சைஸு போதுமா மாப்ள?"

"ரிசல்ட் வரட்டும் மாமா."

"இன்னாத்துக்கு பயந்துக்கினு? நாலு எலும்பு, அம்மாந்தான. என் வயசுக்கு நான் எத்தினி கோழி தின்னுருப்பேன்."

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். புத்தகத்தில் உள்ள காரணங்களை எல்லாம் அப்படியே மனப்பாடம் செய்வது. எலும்பைப் பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்று புள்ளி சொல்லும், ஏன் என்று மனப்பாடம் சொல்லும். நடுவில் நான் சும்மா நின்றால் போதும்.

படிக்கிற நேரத்தில் பாதியை, படிக்காமல் தப்பிக்கிற திட்டத்தில் செலவழித்தவன் நான். உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் என்ன?

அந்த வருஷம் விழுப்புரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பரீட்சையைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். மேஜை, நுண்ணோக்கி எல்லாம் அங்கே இருந்தன. எலும்பு மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

பரீட்சை அன்று விடிகாலையில் கோதண்டம் அண்ணன் விழுப்புரம் பஸ் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் பிடிக்க என்னை வரச் சொல்லியிருந்தார்.

"புள்ளியெல்லாம் ராத்திரியே புதுசா வெச்சிட்டேன். போற வழியில அழிஞ்சாக்கூட கவலப்படாத. பாட்டில உள்ளியே வெச்சிருக்கேன்," என்றார் மெதுவாக.

மெர்குரோகுரோம் பாட்டில். எலும்புகளோடு. பெட்டிக்குள். அப்போது அது எனக்கு மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

அரசு பஸ்ஸில் ஏறினோம். பெட்டியைக் காலடியில் வைக்கப் போனபோது கண்டக்டர் வந்தார்.

"இன்னா அது பொட்டியில?"

கோதண்டம் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் எனக்குள் ஒரு படம் ஓடியது. மனித எலும்பு என்று சொல்கிறோம். பஸ்ஸில் கூச்சல். போலீஸ். எவரைக் கொன்றீர்கள் என்று விசாரணை. ஜெயிலில் மாமா என்னைப் பார்க்க வருகிறார், பலகையோடு.

"மல்லாட்டங்க," என்றேன். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்.

"மல்லாட்டன்னா மேல போடு. உள்ள ஆளு நிக்கவே எடமில்ல."

புத்தகம் என்று சொல்லியிருந்தால் காலடியிலேயே விட்டிருப்பார். கோதண்டம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தப் பாட்டிலையே என் தலையில் உடைத்திருக்கலாம். பெட்டி கூரைமேல் ஏறியது. மேலே இருந்தவர் அதைப் படுக்கவைத்தாரா, நிறுத்தினாரா என்பதை நான் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பியதும் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார். தலையில் துண்டு, முழங்கால்மேல் மண்வெட்டிப் பிடி. விவசாயி.

"இன்னா மல்லாட்ட தம்பி? குத்தா, கொடியா?"

நிலக்கடலையில் குத்தாக நிற்கிற செடி ஒன்று, தரையில் படர்கிற கொடி ஒன்று. இது எனக்கு இப்போது தெரியும்.

"ரெண்டுங்க."

"ரெண்டையும் ஒண்ணா கலந்தா வெச்சிருக்க?" அவருக்கு நெஞ்சே வலித்திருக்கும். "வெதைக்கா?"

"ஆமாங்க."

"வெத மல்லாட்டைய எவன்யா தகரப் பொட்டியில எடுத்துக்கினு போவான்? வெந்துபூடுமே. எந்த ஊரு நீங்க?"

"இவுரு ஊருங்க," என்று கோதண்டம் அண்ணனைக் காட்டினேன்.

கோதண்டம் அண்ணன் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் தூங்கவில்லை.

விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டு. ஜன்னல் படுதாக்களை எல்லோரும் இறக்கினார்கள். கூரையில் மழை அடிக்க அடிக்க நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விவசாயி எழுந்தே விட்டார்.

"தம்பி, வெத நனைஞ்சா மொளச்சிடும்யா. கண்டக்டரு, கொஞ்சம் நிப்பாட்டுங்க. பாவம், புள்ளைங்க வெத மல்லாட்டைய மேல போட்டுட்டு வந்துகினு இருக்குதுங்க. நானே ஏறி எறக்கித் தரேன். தொறந்து ஒரு பார்வ பாத்துட்டா நிம்மதி."

கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். பஸ் நின்றால் பெட்டி உள்ளே வரும், எலும்பு பிழைக்கும். ஆனால் இந்த மனிதர் திறந்து பார்க்காமல் விட மாட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் முடிவு செய்ததில்லை. அவ்வளவு தப்பாகவும்.

"வேணாங்க. மேல தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்குங்க."

"தார்ப்பாயா? நல்லா பாத்தியா?"

"நாந்தாங்க கட்டினேன்."

விசில் ஊதவில்லை. விவசாயி உட்கார்ந்தார். திண்டிவனம் வரைக்கும் கோதண்டம் அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

ஒன்பது பத்து

ஆக, பெட்டியைத் திறந்தோம். பாட்டில் கவிழ்ந்து மூடி எங்கேயோ போயிருந்தது. இடுக்கு வழியாக இறங்கிய மழையும் அந்த மருந்தும் கலந்து, வழி முழுக்க எலும்புகள் அதில் ஊறி வந்திருக்கின்றன.

சிவப்பு என்றால் வலது. இப்போது எல்லா எலும்பும் வலது.

அன்றைக்குப் பரீட்சை எழுத வந்தவர்கள் பதினொரு பேர். ஒருவனைத் தவிர எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். துக்க வீட்டில்கூடக் கொஞ்சம் பேச்சிருக்கும். ஒரு பெண் தாவணி முனையால் ஒரு விலா எலும்பைத் தேய்த்துப் பார்த்தாள். தாவணிதான் சிவந்தது.

"யார்ரா பொட்டிய மேல போடச் சொன்னது?" என்று ஒருவன் கேட்டான்.

கோதண்டம் அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நாந்தான்," என்றேன்.

ஒன்பது பேர் பார்வைக்கு எவ்வளவு எடை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது எந்தப் பாடத்திலும் வராது.

அப்போதுதான் தரணேந்திரன் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தான். செஞ்சிப் பக்கம் நயினார் வீட்டுப் பிள்ளை. நயினார் என்றால் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். தவளை அறுக்கச் சொன்னபோது, "மார்க்க எடுத்துக்குங்க சார், உயிர எடுக்க மாட்டேன்," என்று சொல்லி இரண்டு முறையும் அதற்கான மார்க்கை முழுசாக விட்டுவிட்டு, ஒன்றிரண்டு மார்க்கில் தவறியவன்.

எலும்பையும் அவன் தேவைக்கு மேல் தொட மாட்டான். தொட்டால் குளிக்காமல் சாப்பிட மாட்டான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வகுப்பு முடிந்து, குளித்து, சாப்பிட நேரம் போதாது. அதனால் கோதண்டம் அண்ணனின் பெட்டிப் பக்கமே அவன் வந்ததில்லை. புள்ளிகளைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"புள்ளியப் பாத்தா இத்தினி நாள் சொல்லிக்கினு இருந்தீங்க?"

"நீ எப்படிச் சொல்லுவே?"

"இங்க பாத்து." தன் கழுத்துக்குக் கீழே தட்டினான். "எலும்ப யாரு தொடறது? எல்லாம் நம்மகிட்டதான இருக்கு. தடவிப் பாத்துப் படிச்சேன்."

மணி ஒன்பது பதினேழு. அவன் தன் நோட்டை ஒரு முறை புரட்டலாம் என்று வந்திருந்தான். அதை மேஜைமேல் வைத்துவிட்டு எங்கள் பதினொரு பேரில் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலை எப்போதும் உள்பக்கம் பார்க்கும். முன்பக்கம் வில் மாதிரி வளைந்திருக்கும். தோள்பட்டையின் முகடு முதுகுப் பக்கம். நாங்கள் வரிசையாக நின்று எங்கள் தொடையை, தோளை, முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தோம். அந்த வழியாகப் போன அந்தக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு வேகமாகப் போனார்கள்.

"காறை எலும்பு இருக்குல்ல," என்று தன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கிடக்கும் எலும்பைத் தொட்டான். "தடிச்ச முனை நெஞ்சு நடுவுக்கு, தட்ட முனை தோளுக்கு. கழுத்துப் பக்கம் முன்னால தள்ளிக்கினு வரும். அடியில ஒரு பள்ளம் ஓடும். அதான் கஷ்டம், கொழப்பிடும்."

மணி அடித்தது. கோதண்டம் அண்ணன் எழுந்து, எலும்புகளைத் துண்டால் துடைத்து மேஜைமேல் அடுக்கினார். ரத்தம் சுண்டிய முகத்தோடு லெக்சரர் உள்ளே வந்து, எலும்புகளைப் பார்த்து, எங்களைப் பார்த்தார். பின்னாலேயே எக்ஸ்டர்னல் வந்துவிட்டார்.

"அது தொடை எலும்பு"

இந்த முறை மதராஸிலிருந்து ஓர் அம்மையார். பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. மேஜையைப் பார்த்ததும் நின்றார்.

"இதெல்லாம் ஏன் இந்தக் கலர்?"

லெக்சரர் தொண்டையைச் செருமினார். கோதண்டம் அண்ணன் சுவரோடு சுவரானார்.

"மழைங்க மேடம்," என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"மழை சிவப்பாவா பெய்யுது உங்க ஊர்ல?"

"இல்லீங்க மேடம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரத்தம் எடுக்கிற வேலையைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முடித்தேன். விரலைக் குத்தினேன் என்று நினைக்கிறேன், ஏதோ வந்தது. தவளை அன்றைக்கு இல்லை. கொண்டுவருகிறவர் மழையில் வர முடியவில்லையாம். வெளியே குட்டையில் நூறு தவளை கத்திக்கொண்டிருந்தன, பிடிக்கத்தான் ஆளில்லை. அதற்குப் பதிலாகப் படம் வரைந்து குறிக்கச் சொன்னார்கள். தரணேந்திரனின் முகத்தை நான் அப்போது பார்த்திருக்க வேண்டும். எனக்கு என் முகமே பெரும்பாடாக இருந்தது.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அம்மையார் மேஜைமேல் கையை ஓட்டினார். தொடை எலும்பு, தொடை எலும்பு என்று வேண்டிக்கொண்டேன். அதற்குத்தான் எனக்கு மனப்பாடம் சுத்தம். அவர் கை தொடை எலும்பைத் தாண்டி, தோள்பட்டையைத் தாண்டி, ஒரு சின்ன வளைந்த எலும்பை எடுத்து நீட்டியது.

"என்ன எலும்பு?"

"காறை எலும்பு மேடம்."

"எந்தப் பக்கம்?"

பழக்கம் விடவில்லை. புள்ளியைத் தேடினேன். எலும்பே புள்ளியாக இருந்தது.

வாய் தானாக ஆரம்பித்தது. தலை உள்நோக்கி, முன்பக்கம் வில்லாக வளைந்து, பின்பக்கம் நீளமான முகடு ஓடி... இங்கிலீஷில், ஒரு நிறுத்தம் இல்லாமல், பாதிப் பக்கம் ஒப்பித்துவிட்டேன்.

"தம்பி," என்றார் அம்மையார். "நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா அது தொடை எலும்பு."

எனக்குக் காது அடைத்தது. மின்விசிறியைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பார்த்தால் விழுந்துவிடுவேன்.

"ஒரு நிமிஷம் டைம் குடுங்க மேடம்."

சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினேன். அடுத்ததையும். அம்மையாரின் புருவம் ஏறியது. லெக்சரர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் அந்த ரோஸ் எலும்பை என் வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே வைத்தேன். அந்த வயதில் என் உடம்பில் எலும்பைத் தவிர வேறு ஒன்றும் பெரிதாகக் கிடையாது, என்னுடைய காறை எலும்பு தோலுக்கு அடியில் எழுந்து நின்றது. இன்றைக்கென்றால் தேடிக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டும்.

தடித்த முனையை நெஞ்சுக்குத் திருப்பினேன். பள்ளத்தைக் கீழே வைத்தேன். என் எலும்பு கழுத்துப் பக்கம் முன்னால் வந்தது. கையிலிருந்தது பின்னால் போய்க் கழுத்தைக் குத்தியது. வளைவை முன்னால் திருப்பினேன். பள்ளம் மேலே வந்துவிட்டது. எப்படித் திருப்பினாலும் ஒன்று இடித்தது.

இடது பக்கம் மாற்றினேன்.

உட்கார்ந்தது. என் எலும்பின்மேல் இன்னொருவருடைய எலும்பு, அளவெடுத்த மாதிரி. யாரோ, எந்த ஊரோ, என்னைவிடக் கொஞ்சம் பெரிய ஆள். மூன்று வருஷமாகப் பெட்டியில் பார்த்த எலும்பு அப்போதுதான் எனக்கு ஒரு மனிதருடையதாகத் தெரிந்தது.

"இடது மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தப் பக்கம் வெச்சா பள்ளம் மேல வருது. பள்ளத்தக் கீழ திருப்பினா வளைவு பின்னால போயிடுது. இந்தப் பக்கம் ரெண்டும் சரியா வருது மேடம்."

அவர் எழுதினார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கலர் ஒழுங்கா இருந்திருந்தா ஒரு செகண்டுல சொல்லியிருப்பீங்க. ஏன்னு கேட்டா அந்தத் தொடை எலும்பு பாட்டப் பாடியிருப்பீங்க. நானும் பூஜ்யம் போட்டிருப்பேன். பட்டனப் போடுங்க."

போட்டேன். தப்பான ஓட்டையில்.

"யார் வெச்ச புள்ளி?"

சுவரோடு நின்றவரைப் பார்க்காமலிருக்க என் முழு பலமும் தேவைப்பட்டது.

"தெரியாதுங்க மேடம்."

"தெரியாமயே இருக்கட்டும். நாங்க படிக்கிறப்போ நெயில் பாலிஷ் வெச்சோம். அது மழைக்குக் கரையாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்தவர வரச் சொல்லுங்க."

வெளியே

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் நான் எத்தனை முறை என் காறை எலும்பைத் தடவிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அக்கா, எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துவிட்டாள். தேறினேன், விளிம்பில். தரணேந்திரன் நன்றாகவே தேறினான். பெயர்ப்பலகையில் விட்டிருந்த இடம் என் பெயருக்குப் போதவில்லை. கடைசி எழுத்தைக் கீழே இறக்கி எழுதினார்கள்.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. சைக்கிள் கொட்டகைக்குக் கீழே கோதண்டம் அண்ணன் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் சிவப்பாக இருந்தது.

"இன்னா கேட்டாங்க?"

"புள்ளி யாரு வெச்சதுன்னு கேட்டாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

"அதுக்கு?"

"நெயில் பாலிஷ் வெச்சா கரையாதாம்."

கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும், சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத் துண்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"கலரு எதுனா சொன்னாங்களா?" என்றார்.